ஒரே இரவில் வெள்ளையும் கறுப்பும்: ஐந்து ‘ஸ்வான் லேக்’ பதிவுகள்

‘ஸ்வான் லேக்’ பார்த்துவிட்டு வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “முப்பத்திரண்டும் சுத்தினாளா?” என்பதுதான். 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் பியெரினா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் 32 ஃபுவெத்தே சுற்றிக் காட்டியதிலிருந்து அந்த எண் இந்த பாலேயோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு நாயகியை எடைபோட அது நல்ல அளவுகோல் இல்லை. அந்தச் சுற்று அரை நிமிடச் சமாச்சாரம். மீதி இரண்டரை மணி நேரமும் அவள் மேடையில் வேறு என்ன செய்தாள் என்பதுதான் கேள்வி.

மந்திரவாதி ரோத்பார்ட் அன்னமாக்கிவிட்ட ஒடெட் என்ற வெள்ளை அன்னத்தையும், அவளைக் காதலிக்கும் இளவரசனை ஏமாற்ற அவளைப் போலவே வேடமிட்டு வரும் கறுப்பு அன்னம் ஒடீலையும் ஒருத்தியே ஆட வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய உடல் வேறு, மனநிலை வேறு. ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஒன்றுதான் சொந்த ஊர். மற்றது உழைத்துப் பிடித்த இடம். எந்தப் பாதிக்கு அதிக வெளிச்சம் விழும் என்பதைத் தீர்மானிப்பது அவள் ஆடும் தயாரிப்பு. ஆகவே நாயகியின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவை வாங்கினால் ஏமாற்றம்தான். யாருடைய வடிவம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஐந்து: பாரிஸ் ஓபராவின் 2005 பதிவு (ஆக்னெஸ் லெதெஸ்து, ஹோஸே மார்த்தினெஸ்), அமெரிக்கன் பாலே தியேட்டரின் 2005 பதிவு (கில்லியன் மர்ஃபி, ஏஞ்சல் கொரேயா), மரீன்ஸ்கியின் 2006 பதிவு (உல்யானா லொபாத்கினா, டனிலா கொர்சுன்ட்செவ்), மாஸ்கோ போல்ஷோயின் 2015 பதிவு (ஸ்வெத்லானா ஸகரோவா, டெனிஸ் ரோட்கின்), லண்டன் ராயல் பாலேயின் 2018 பதிவு (மரியனெலா நூன்யெஸ், வாடிம் முந்தாகிரோவ்).

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். நம் ஊரில் ‘அன்ன நடனம்’ என்றதும் பலருக்கு அன்னா பாவ்லோவா நினைவுக்கு வருகிறார். பாவ்லோவா உலகமெங்கும் ஆடிக் காட்டிய ‘சாகும் அன்னம்’, ஃபோகின் அமைத்த சில நிமிடத் தனி ஆட்டம், இசை சான்-சான்ஸ். சாய்க்கோவ்ஸ்கி இசையமைத்த ‘ஸ்வான் லேக்’ என்ற நான்கு காட்சி நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ருக்மிணி தேவி அருண்டேலைத் தம் நாட்டு ஆடலைத் தேடிப் போகச் சொன்னவர் பாவ்லோவா என்பதால் இந்தப் பெயர் நமக்கு நெருக்கமானது, அவ்வளவே.

வெள்ளை அடாஜியோவில் என்ன பார்க்க வேண்டும்

இரண்டாம் காட்சி, ஏரிக்கரை. அடாஜியோ என்பது இங்கே ஒடெட்டும் இளவரசனும் மெதுவாக ஆடும் இருவர் ஆட்டம். ஒற்றை வயலின், பிறகு செல்லோவும் சேர்கிறது. ஒடெட் தரையில் ஒரு காலை நீட்டி, அதன் மேல் முகம் கவிழ்த்து மடிந்து கிடக்கிறாள். இளவரசன் சீக்ஃப்ரீட் அவளைக் கைபிடித்து எழுப்புகிறான். இங்கிருந்து முடியும் வரை ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. மெதுவாக எழும் கால், சாய்ந்து விழும் முதுகு, மறுபடி எழுதல் எல்லாம் ஒரே மூச்சில் போக வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். முதலாவது வேகம். கடந்த அரை நூற்றாண்டில் கால் உயர உயர இசை தவழத் தொடங்கிவிட்டது. கால் காது வரை போய்ச் சேர வேண்டுமென்றால் இசைக்குழு நடத்துநர் காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தால் வயலின் வரி துண்டு துண்டாகிறது, ஆட்டமும் வரிசையாக எடுத்த புகைப்படம்போல ஆகிவிடுகிறது. 1895 தயாரிப்பின் ஆட்டக் குறிப்பேடுகளை வைத்து அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி 2016இல் ஸூரிக்கில் மீட்டெடுத்த வடிவத்தில் கால்கள் தாழ்வாகவும் இசை விரைவாகவும் போவதைப் பார்த்தால் எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறோம் என்று தெரியும். இரண்டாவது கைகள். சிறகு தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்ப வேண்டும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் மட்டும் அசைத்தால் ஈ ஓட்டுவதுபோல் இருக்கும். மூன்றாவது, கடைசியில் வரும் சின்னப் படபடப்பு: ஊன்றிய கணுக்காலில் மற்ற பாதம் வேகமாகத் தட்டித் துடிக்க வேண்டும். பலர் இங்கே ஏனோதானோவென்று தடவிவிட்டுப் போகிறார்கள். அன்னத்தின் பயம் முழுக்க அந்தப் பாதத்தில்தான் இருக்கிறது.

இந்த மூன்றிலும் லொபாத்கினாவை மிஞ்ச ஐவரில் ஆளில்லை. உயரமான உடல், நீண்ட கை. அந்தக் கை எங்கே தொடங்குகிறது என்று தேடினால் முதுகின் நடுவில் போய் நிற்கும். அவரும் மெதுவாகத்தான் ஆடுகிறார், ஆனால் நிற்பதில்லை. ஒரு நிலை முடிவதற்குள் அடுத்தது உள்ளே கிளம்பிவிடுகிறது. கேமரா நெருங்கும்போது விரல் நுனி கடைசியாக வந்து சேர்வதைப் பார்க்கலாம். கொர்சுன்ட்செவ் நடிகராகச் சுமார்தான். ஆனால் துணைக்கு அவரைப் போன்ற ஆள் கிடைப்பது வரம்: இடுப்பில் வைத்த கை திருத்துவதே தெரியாது. துணைவனின் விரல்கள் அவசரமாக இடம் மாறுவது கண்ணில் பட்டாலே சமநிலை போய்விட்டது என்று பொருள்.

ஸகரோவாவின் பாத வளைவும் கால் உயரமும் பேசிப் பேசித் தேய்ந்த விஷயம். குறை சொல்கிறவர்கள் ‘அழகு இருக்கிறது, வலி இல்லை’ என்பார்கள். எனக்கும் பல வேடங்களில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தப் பதிவில் அந்தக் குளிர்ச்சி பொருந்திவிடுகிறது. காரணம் யூரி கிரிகோரோவிச். 1969இல் அமைத்து 2001இல் அவரே திருத்திய இந்த வடிவத்தில் மந்திரவாதி ரோத்பார்ட் கிடையாது. ‘தீய மேதை’ என்று இளவரசனின் நிழலாக ஒருவன் வருகிறான். ஒடெட் இங்கே இரத்தமும் சதையுமான பெண்ணே அல்ல. இளவரசன் மனத்தில் கட்டிய உருவம். எட்டாத தூரத்தில் நிற்கத் தெரிந்தவர் அதற்குப் போதும். நிழலாக வரும் அர்த்யோமி பெல்யகோவும் ரோட்கினும் ஒரே அடவை முன்னும் பின்னுமாக ஆடும் இடம்தான் இந்தப் பதிவின் உச்சம். நாயகிக்காக வாங்கியவர் நாயகனைப் பார்த்துவிட்டு எழுவார்.

நூன்யெஸைப் பற்றிப் பேசும்போது அவருடைய 2009 பதிவையும் பக்கத்தில் வைப்பது நல்லது. அது ஆண்டனி டவலின் 1987 தயாரிப்பு. துணை தியாகோ சோவாரெஸ். சோவியத் வடிவங்கள் வெட்டி எறிந்த அபிநயப் பகுதி டவலிடம் முழுதாக இருக்கிறது: இந்த ஏரி என் தாயின் கண்ணீர், ஒருவன் என்னைத்தான் என்று சத்தியம் செய்து அதைக் காப்பாற்றினால் விடுதலை என்று ஒடெட் கையாலேயே சொல்வாள். பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு நொடியில் பிடிபடும். இந்த இடம் இல்லாத பதிவுகளில் மூன்றாம் காட்சியில் இளவரசன் ஏமாந்து ஒடீலிடம் செய்யும் சத்தியத்துக்கு ஏன் அவ்வளவு கனம் என்று புதிதாகப் பார்க்கிறவருக்குப் புரிவதில்லை. ஆனால் அந்தத் தயாரிப்பில் அன்னங்களுக்கு டுட்டு (விறைப்பான குட்டைப் பாவாடை) இல்லை, கிழிந்தாற்போன்ற நீளப் பாவாடை; கால் கோடு மறைந்துபோகும். லியாம் ஸ்கார்லெட்டின் 2018 தயாரிப்பில் டுட்டு திரும்ப வந்தது. நூன்யெஸின் ஒடெட்டும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது: 2009இல் எல்லாம் சரியாக இருக்கும், அவ்வளவுதான். 2018இல் முந்தாகிரோவின் கைக்குள் பின்னோக்கிச் சாயும்போது எடையை உண்மையாகவே விட்டுவிடுகிறார்.

லெதெஸ்துவின் ஒடெட் நேர்த்தியானது, சற்று வறண்டது. மர்ஃபிக்கு வெள்ளைக் காட்சி சொந்த ஊர் இல்லை; கையில் மென்மையைவிடத் தசை தெரிகிறது.

கறுப்புக் காட்சி

ஃபுவெத்தே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கைதட்ட வேண்டிய இடமும் தெரியும். ஊன்றிய கால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை குதிகாலை இறக்கி, முழங்காலை மடித்து, மறுபடி விரல்நுனிக்கு ஏற வேண்டும். மற்றக் கால் பக்கவாட்டில் வீசித் திறந்து, முழங்காலுக்கு மடங்கும்போது அந்த வீச்சுதான் சுழற்சியைத் தருகிறது. தலை கடைசியாகக் கிளம்பி முதலில் வந்து சேரும். மடிப்பு ஆழம் குறைந்தால் அடுத்த ஏற்றத்துக்கு உந்துதல் இருக்காது. உடனே கை பெரிதாக வீசி ஈடுகட்டப் பார்க்கும், தோள் ஏறும். கால் பக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மடங்கிவிட்டால் எடை முன்னே தள்ளி, தொடங்கிய இடத்திலிருந்து மேடை விளிம்பு வரை நகர்ந்து வந்துவிடுவார்கள். பழைய அரங்குகளில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருப்பதால் அங்கே இந்த நகர்வு இன்னும் மோசம். 28இல் நிறுத்தி ஒரு நல்ல பிருவெத்தில் (நின்ற இடத்துச் சுழற்சி) முடிப்பவர்கள் உண்டு, குற்றமே இல்லை. மாயா பிளிஸெத்ஸ்காயா ஃபுவெத்தேயை விட்டுவிட்டு மேடையைச் சுற்றி வட்டமாகச் சுழன்றுவிடுவார். அதனால் அவருடைய ஒடீலை யாரும் குறைத்துப் பேசியதில்லை.

தாளத்தில் விழும் ஒற்றைச் சுற்று, தாளத்தை விட்டு ஓடும் இரட்டைச் சுற்றைவிட மேல். இதற்கு விதிவிலக்கு மர்ஃபி. இடையிடையே இரட்டையும் அதற்கு மேலும் செருகுகிறார், ஒவ்வொன்றும் அடியிலேயே வந்து இறங்குகிறது. அதிலும் முகத்தில் ஒரு துளி பதற்றமில்லை. சுற்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தில் அவர் முதல், நூன்யெஸ் அடுத்து.

ஆனால் ஒடீலின் வேலை சுற்றுவதில்லை, ஏமாற்றுவது. சன்னலில் உண்மை ஒடெட்டின் உருவம் துடிக்கும்போது இளவரசன் திரும்பிவிடாமல், அவளுடைய கை அசைவையே திருடிக் காட்ட வேண்டும். அப்படியே நகல் எடுத்தால் சப்பென்று போகும், முற்றிலும் வேறாக ஆடினால் இளவரசன் முட்டாளாகிவிடுவான். லொபாத்கினா இங்கே ஆச்சரியப்படுத்துகிறார்: சிரிப்பு இல்லை, பல்லைக் காட்டும் வில்லத்தனம் இல்லை, பார்வையைக் கொஞ்சம் தாமதமாகத் திருப்புகிறார். நூன்யெஸின் ஒடீல் வெளிப்படையாக மகிழ்கிறாள், விருந்துக்கு வந்தவள்போல. ஸகரோவா பளபளக்கிறார், வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே உடையைத் தவிரப் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

லெதெஸ்துவுக்கு இங்கே ஒரு சிக்கல், அவர் உண்டாக்கியதல்ல. பாரிஸ் ஓபராவுக்காக நுரேயெவ் அமைத்த 1984 வடிவத்தில் இது இருவர் ஆட்டமே இல்லை. ரோத்பார்ட்டும் நுழைந்து மூவராகிறது, அவனுக்குத் தனி ஆட்டமும் உண்டு. இளவரசனின் ஆசிரியரும் ரோத்பார்ட்டும் ஒரே ஆள். கார்ல் பக்கெத் அதை வெகு அமைதியாகச் செய்கிறார், மாணவனின் தோளில் கை வைக்கும் விதத்திலேயே கதை நகர்கிறது. நாடகத்துக்கு இது பெரிய லாபம். ஒடீலுக்குத்தான் பாதி மேடை போய்விட்டது.

அமெரிக்கப் பதிவில் கெவின் மெக்கென்ஸி ரோத்பார்ட்டை இரண்டு ஆட்களாகவே பிரித்திருக்கிறார்: ஏரியில் பச்சைப் பூதம், அரண்மனையில் அழகன். அழகனாக வரும் மார்செலோ கோம்ஸ் நான்கு இளவரசிகளையும் கண்ணாலேயே வளைத்துப் போடும் சில நிமிடங்கள், அந்தப் பதிவில் மர்ஃபியின் சுற்றையும் தாண்டி நினைவில் நிற்கின்றன.

கூட்டமும் கடைசிக் காட்சியும்

அன்னக் கூட்டத்துக்கு மரீன்ஸ்கி, அடுத்து பாரிஸ். வரிசை நேராக இருப்பது பெரிதல்ல, எங்கும் இருக்கும். எல்லாத் தலைகளும் ஒரே கோணத்தில் சாய்ந்து, கை ஒரே உயரத்தில் நிற்பதுதான் அரிது. நான்கு குட்டி அன்னங்கள் கைகோத்து ஆடும்போது காலைவிடத் தலைகளைப் பாருங்கள். ஒரு தலை பிந்தினாலும் தெரிந்துவிடும்.

முடிவு ஆளுக்கொன்று. மரீன்ஸ்கியின் செர்கேயெவ் வடிவத்தில் (1950) இளவரசன் ரோத்பார்ட்டின் சிறகைப் பிய்த்தெறிய, காதலர்கள் பிழைத்து விடிகிறது. லொபாத்கினா அவ்வளவு துயரத்தைச் சேர்த்து வைத்த பிறகு இந்தச் சுபம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பாரிஸில் ரோத்பார்ட் அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். மாஸ்கோவில் இளவரசன் தனித்து நிற்கிறான். மெக்கென்ஸி நான்காம் காட்சியை அநியாயத்துக்குச் சுருக்கிவிட்டார். இசை மூச்சு வாங்குவதற்குள் இருவரும் ஏரியில் குதித்தாயிற்று. ஸ்கார்லெட்டிடம் ஒடெட் மட்டும் இறக்கிறாள். மனித உருவுக்குத் திரும்பிய உடலைச் சீக்ஃப்ரீட் சுமந்து வருகிறான். முந்தாகிரோவ் அதுவரை கொஞ்சம் மரியாதைக்கார இளவரசன்தான். அந்த நடையில் மரியாதை எல்லாம் போய்விடுகிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 2018 ராயல் பாலே. இரண்டு பாதியும் ஏறக்குறையச் சமமாக வருவது நூன்யெஸிடம் மட்டும்தான். இரண்டாவதாக லொபாத்கினா, அதுவும் இரண்டாம் காட்சிக்காக. கதை இருட்டாக, மனச்சிக்கலோடு வேண்டுமென்றால் பாரிஸ். குழந்தைகளோடு உட்காருவதானால் அமெரிக்கப் பதிவு: வேகம் உண்டு, பூதம் உண்டு.

அரங்கில் நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒரே தயாரிப்பில் பல ஒடெட்கள் மாறி மாறி ஆடுவார்கள். நுழைவுச்சீட்டு எடுக்கும்முன் அன்றைய ஜோடியைப் பாருங்கள். நட்சத்திரம் ஒருத்தி புதுத் துணைவனோடு ஆடும் முதல் இரவைவிட, பல பருவங்கள் சேர்ந்து ஆடிய இரண்டாம் வரிசை ஜோடியிடம் அடாஜியோ நன்றாக வர வாய்ப்பு அதிகம். காயத்தால் கடைசி நாளில் ஆள் மாறுவது சாதாரணம். இடைவேளைக்குப் பிறகு ஒடீலாக வேறொருத்தி வந்த இரவுகளும் உண்டு, அதற்குப் பணம் திருப்பித் தர மாட்டார்கள். இருக்கை விஷயத்தில் முன்வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். அங்கிருந்து பாயிண்ட் ஷூவின் டொக் டொக் சத்தமும் வியர்வையும் கிடைக்கும், அன்னங்களின் கோலம் கிடைக்காது. மேல்மாடத்தின் நடுப்பகுதி விலையும் குறைவு, இரண்டாம் காட்சிக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை.