பிடிஓ வீடு: வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் திருமணப் பேச்சு முடிந்ததும், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே பல இளம் இணையர் செய்யும் முதல் காரியம் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பிடிஓ (Build-To-Order, தேவைக்கேற்பக் கட்டப்படும்) வீட்டுக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி விண்ணப்பிப்பதுதான். 2001இல் அறிமுகமான இந்த முறையில், போதிய விண்ணப்பங்கள் சேர்ந்த பிறகுதான் கட்டுமானமே தொடங்கும். ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு கட்டி முடித்த வீடுகள் விலைபோகாமல் தேங்கிய அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு இது. குடியிருப்பதற்காக வாங்குபவருக்கு இதைவிட நியாயமான சரக்கு இந்தத் தீவில் கிடையாது என்பதே என் மதிப்பீடு. விற்று லாபம் பார்க்கலாம் என்ற கணக்கோடு வருபவர் மட்டும் விதிமுறைகளை இரண்டு முறை படித்துவிட்டு வரட்டும்.

பணக் கணக்கில் இதன் பலம் தெளிவாகத் தெரிகிறது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்கள் முதல் வீடு வாங்கும்போது வருமானத்துக்கேற்ப மானியம் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் அதன் உச்சவரம்பு 1,20,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கழகக் கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, அதாவது ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கு தரும் 2.5 விழுக்காட்டைவிட 0.1 மட்டுமே கூடுதல். வீடு வாங்க மத்திய சேம நிதியைப் பயன்படுத்த 1968இலேயே வழிசெய்யப்பட்டதால், மாதத் தவணைக்காகக் கையிலிருந்து ரொக்கமே எடுக்காத குடும்பங்கள் ஏராளம். அதே மாதத்தில் தனியார் வீட்டுக்கு வங்கிக் கடன் கட்டும் நண்பரிடம் பேசிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ஆனால் இந்தக் கதவு எல்லாருக்கும் திறப்பதில்லை. விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே நிரந்தரவாசிகள் என்றால், அந்தத் தகுதி பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து மறுவிற்பனைச் சந்தைக்குத்தான் போக வேண்டியிருக்கும். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய பலர் இதைத் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள். தனியாக வாழும் குடிமக்கள் 35 வயதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்பதும், அப்போதும் புதிய வீடென்றால் ஈரறை வீடுதான் என்பதும் எனக்கு ஒப்புதலில்லாத விதிகள். திருமணம் செய்துகொள்ளாதவருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும்தானே?

கட்டுமானத்தைப் பொறுத்தவரை, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டு எழுப்புவதால் சுவர்கள் நேராகவும் அறைகள் அளவு பிசகாமலும் இருக்கின்றன. நாலறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். (சிங்கப்பூர்க் கணக்கில் கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவதால், நாலறை வீட்டில் படுக்கையறை மூன்றுதான்.) கனமான இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறை போர்க்காலத்துக்காகக் கட்டப்பட்டது, நம்மவர் வீடுகளில் அரிசி மூட்டையும் ஊருக்குப் போகும் பெட்டிகளும்தான் அங்கே குடியிருக்கின்றன. சாவி வாங்கிய அன்று பால் காய்ச்சும் அவசரத்தில் இருந்தாலும், ஒரு நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே வெற்றிடம் இருந்தால் ஓசை மாறும். அப்படிப்பட்ட இடங்களில் வண்ண ஒட்டுநாடா ஒட்டிப் படமெடுத்துப் புகார் கொடுத்தால், முதலாண்டுக் குறைநீக்கப் பொறுப்புக் காலத்துக்குள் சரிசெய்து தருகிறார்கள். குளியலறை ஓடுகளை மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது என்பதையும் உள்வேலைக் குத்தகைதாரரிடம் பேசும் முன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் பெரிய குறை காத்திருப்புதான். விண்ணப்பதாரர்களுக்கு நடக்கும் குலுக்கலில் பெயர் வந்த பிறகும் வீடு கைக்கு வர வழக்கமாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கொவிட் காலத்தில் சில திட்டங்கள் அதற்கும் மேல் இழுத்தன. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் வீட்டு அறையிலோ வாடகை வீட்டிலோ குழந்தை பிறந்து நடக்கவும் தொடங்கிவிடுகிறது. வாடகைக்குச் செலவாகும் தொகையை வீட்டு விலையோடு சேர்த்துப் பார்க்காமல் "மலிவு" என்று சொல்வது அரைக் கணக்கு.

இந்தியர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது 1989 முதல் நடப்பிலுள்ள இன விகிதாசாரக் கொள்கை. ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இந்தியர் மற்றும் பிற இனத்தவர் பங்கு 15 விழுக்காட்டையும், வட்டாரத்தில் 12 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. குலுக்கலில் நல்ல வரிசை எண் கிடைத்தும், நம் முறை வருவதற்குள் அந்தப் பங்கு தீர்ந்துவிடலாம். விற்கும்போது சிக்கல் வேறு வடிவில் வரும்: அந்த புளோக்கில் சீனர் பங்கு நிரம்பியிருந்தால் சீனருக்கு விற்க முடியாது, வாங்குவோர் வட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் செலவில் பெரும்பங்கைச் சிறுபான்மை விற்பனையாளரே சுமக்கிறார்.

2024 அக்டோபரிலிருந்து வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்று வகையாகின்றன. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகிலோ நகர மையத்திலோ அமையும் பின்னிரண்டு வகைகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. ஆனால் பத்தாண்டுகள் குடியிருந்த பிறகே விற்கலாம், விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதி திரும்பப் பெறப்படும், முழு வீட்டையும் வாடகைக்கு விடவே முடியாது. வேலை நிமித்தம் வெளிநாடு போகும் வாய்ப்புள்ளவர்கள் ஐந்தாண்டுகள் குடியிருந்தாலே விற்கக்கூடிய ஸ்டாண்டர்ட் வீட்டையே எடுக்கலாம். குத்தகை எல்லா வகைக்கும் 99 ஆண்டுகள்தான்.