பிரிவு 18 புகாரா, பிரிவு 19 மேல்முறையீடா: தகவல் ஆணையத்துக்கு எந்த வழியில் போவது?

மணலியிலோ எண்ணூரிலோ இயங்கும் ஓர் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் மனு போடுகிறோம். 30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது ‘தர இயலாது’ என்று ஒற்றை வரி வருகிறது. அடுத்து இரண்டு வழி உண்டு. பிரிவு 18-இன் கீழ் நேராகத் தகவல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். இல்லையென்றால் பிரிவு 19-இன் கீழ் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, பிறகு ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு என்று படியேறலாம். இரண்டிலும் மனு எழுதிப் பழகியதில் என் சாய்வு பிரிவு 19-இன் பக்கம்தான்.

பலரைப் புகார் ஏன் இழுக்கிறது என்று புரிகிறது. முதல் மேல்முறையீடு என்ற படியே இல்லை, சட்டத்தில் காலக்கெடுவும் இல்லை, எழுதுவதும் எளிது. அதிகாரி மேல் இருக்கும் கோபமும் அந்தப் பக்கமே தள்ளும்.

ஆனால் புகாரில் ஆவணம் கைக்கு வராது. மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிரிவு 18 புகாரை விசாரிக்கும் ஆணையம் அதிகாரிக்குத் தண்டம் விதிக்கலாம், தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. தகவல் வேண்டுமென்றால் பிரிவு 19 வழியாகவே வர வேண்டும். இது தெரியாமல் புகார் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவருக்குக் கடைசியில் ‘மேல்முறையீடு செய்துகொள்க’ என்ற உத்தரவு கிடைக்கக்கூடும். அதற்குள் முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு போயிருக்கும், தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டிவரும்.

தண்டமாவது புகாரில்தானே கிடைக்கும் என்றால் அதுவும் இல்லை. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்ற பிரிவு 20 தண்டத்தை ஆணையம் மேல்முறையீட்டை முடிக்கும்போதும் விதிக்கலாம். அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும். மனுதாரருக்கு இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் 19(8)(b)-இல் இருக்கிறது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையது என்று சொல்வது 19(5). இத்தனையும் ஒரே மனுவில் கேட்கலாம் எனும்போது 18-ஐ ஏன் முதலில் எடுக்க வேண்டும்?

நாள் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதில் வந்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் 30 நாள் முடிந்த நாளிலிருந்து, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை மேலதிகாரி 30 நாளில், காரணம் எழுதித் தள்ளிப்போட்டால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியதோடு சரி, மேல்முறையீடுகளுக்குக் கட்டணம் கிடையாது. மனு நகல், ஸ்பீட் போஸ்ட் ரசீது, கிடைத்த பதில், முதல் மேல்முறையீட்டு நகல், அதன் உத்தரவு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிப் பக்க எண் போட்டு இணையுங்கள். கோரிக்கைப் பகுதியில் மூன்றைத் தனித்தனியே எழுதுங்கள்: ஆவணத்தைக் கட்டணமின்றித் தர உத்தரவு (கெடு தாண்டினால் 7(6) அப்படித்தான் சொல்கிறது), பிரிவு 20 தண்டம், இழப்பீடு. முதல் மனுவில் கேட்காத புதுக் கேள்வியை இங்கே சேர்க்கக் கூடாது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்ற கேள்வியும் நிற்காது. கோப்பில் இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

2025 நவம்பருக்குப் பிறகு 19-இன் தேவை இன்னும் கூடியிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(j)-யைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடம் கொடுத்துவிட்டது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குப் பணியின் ஒப்பந்ததாரர் விவரத்துக்கும் இதையே காரணம் காட்டலாம். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2), மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10, இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. இவற்றை எடுத்து வாதாடி ஆவணத்தை வாங்கும் இடம் மேல்முறையீடுதான்.

அலுவலகத்தில் மனுவை வாங்கவே மறுத்தால், மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரே நியமிக்கப்படவில்லை என்றால், பிரிவு 18 சரியான வழி. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்திருந்தால் இரண்டையும் போடலாம், ஆனால் தனித்தனி மனுவாக. ஒரே தாளில் கலந்தால் எதன் கீழ் எடுப்பது என்பதிலேயே குழப்பம் வரும்.

வடசென்னைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின்வாரியம் என்றால் தமிழ்நாடு தகவல் ஆணையம். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை ஒன்றிய அரசின் கீழ் வருபவை, இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. அவற்றுக்கான மனுவில் கட்டண வில்லைக்குப் பதில் 10 ரூபாய் அஞ்சல் ஆணை வைக்க வேண்டும்.

நம் சொந்த விவரம் கசிந்தது பற்றிய புகார் வேறு கதை, அதில் எனக்குப் பழக்கம் குறைவு. மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகாரை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகுமுன் விவரத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். அந்த உரிமைப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரவிருக்கின்றன. அங்கேயும் தண்டத்தொகை ஒன்றிய அரசின் நிதிக்கே போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. கசிந்த விவரத்தால் வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் வாரியத்துக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 1930 என்ற இணையவழி மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.