அட்மினா ரன் பண்றதா, "எனக்கு மட்டும்"னு இன்ஸ்டால் பண்றதா?

விண்டோஸ்ல சாஃப்ட்வேர் போடும்போது "ஆக்சஸ் டினைட்", எரர் 5 அப்படின்னு வந்தா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், இன்ஸ்டாலர் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல எழுதப் பாக்குது, சாதாரண உரிமையில அங்க எழுத முடியாது.

ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணா அந்த இன்ஸ்டாலருக்கு முழு உரிமையும் போயிடும், பெரும்பாலும் அந்த கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லா யூசருக்கும் சாஃப்ட்வேர் கிடைக்கும். பிரிண்டர் டிரைவர், ஆன்டிவைரஸ் மாதிரி சிஸ்டத்தை தொடுற விஷயத்துக்கு இதுதான் வழி. ஆனா எங்கிருந்தோ இறக்குன ஃபைலுக்கு தயவுசெஞ்சு இதைக் குடுக்காதீங்க, உள்ள வைரஸ் இருந்தா அதுக்கும் அதே உரிமை!

இன்ஸ்டாலர்ல "எனக்கு மட்டும்" போட்டா சாஃப்ட்வேர் பெரும்பாலும் உங்க யூசர் ஃபோல்டர்ல இருக்கற ஆப்டேட்டாங்கிற ஃபோல்டருக்குள்ள போய் உக்காரும், பொதுவா அட்மின் பாஸ்வேர்டே கேக்காது, பிரவுசர், எடிட்டர் மாதிரி ஆப்ஸுக்கு நான் எப்பவும் இதைத்தான் சொல்லுவேன். எல்லா இன்ஸ்டாலர்லயும் இந்த ஆப்ஷன் இருக்காது.

ரெண்டையும் கலக்காதீங்க, முக்கியம். சாதாரண அக்கவுண்ட்ல இருந்துட்டு வேற அட்மின் பாஸ்வேர்டு குடுத்து "எனக்கு மட்டும்" போட்டா சாஃப்ட்வேர் அந்த அட்மின் அக்கவுண்டுக்குள்ள போயிடும், இன்ஸ்டால் ஆச்சுன்னு காட்டும், ஆனா உங்க ஸ்டார்ட் மெனுல தேடுனா இருக்காது.