ஒரு ஏக்கர் விளையில் ரப்பரா, ஏத்தன் (நேந்திரன்) வாழையா?

குமரி மாவட்டத்தில் விளை என்ற தோட்ட நிலம் கைக்கு வந்ததும் பலரும் கேட்பது, "ரப்பர் ஷீட் இப்போ என்ன ரேட்?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நட்ட ரப்பர் பால்வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். அதற்குள் ரேட் பல தடவை ஏறி இறங்கிவிடும். பால்வெட்ட ஆள் உண்டா, ஆனி ஆடிக் காற்று விளைக்குள் எவ்வளவு புகும், மழைத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை முதலில் பாருங்கள்.

தண்ணீர் வடியும் சரிவு ரப்பருக்கு ஏற்றது. விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் தாலுகாக்களின் மேட்டு விளைகள் அப்படிப்பட்டவை. ஏக்கருக்கு 180 முதல் 200 கன்று நட்டால், கடைசியில் வெட்டுக்கு நிற்பது சுமார் 150 மரம். முதல் மூன்று வருடம் இடையில் அன்னாசிக்குக் குத்தகை விடலாம். ஆனால் குத்தகைக்காரர் ரப்பர் மரத்தின் அடியை ஒட்டியே நட்டுவிடுவார். எத்தனை அடி விட வேண்டும் என்பதை எழுத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தான் மரம் வெட்டுக்குத் தயார். பத்தில் ஏழு மரம் இந்த அளவைத் தொடும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கத்தி வைத்த தோட்டத்தில் மரம் அதற்குமேல் பருக்காது. கத்தி உள்தடியைத் தொட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் மறுவெட்டு நடக்காது. ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகத்தை ஒன்றுவிட்ட நாள் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் ஆபத்து அதிகம். மூன்று நாளுக்கு ஒரு வெட்டே அதற்குத் தாங்கும்.

உண்மையான சிக்கல் ஆள்தான். ஒரு வெட்டுகாரர் விடியற்காலையில் சுமார் 300 மரம் வெட்டுவார். உங்கள் 150 மரம் அவருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. பக்கத்து விளைக்காரரோடு சேர்ந்து ஒரே ஆளைப் பேசினால்தான் வருவார். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாவிட்டால் வெட்டுநாளும் கணிசமாகக் குறையும்.

ஷீட் அடிப்பதிலும் காசு கசியும். பாலை வடிகட்டி, ரப்பர் அளவு 12.5 சதவீதமாக வரும்படி தண்ணீர் கலந்தால், 4 லிட்டர் ட்ரேயில் அரைக்கிலோ ஷீட் கிடைக்கும். பாலை உறையவைக்கும் ஆசிட் கூடினால் ஷீட் விறைக்கும். சரியாக வடிகட்டாவிட்டால் அழுக்கு தெரியும், புகை போதாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டுமே தரத்தை இறக்கிவிடும். ரப்பர் விளையில் இன்னொரு வரவும் உண்டு: மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை இலைக்காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் தேனின் பெரும்பங்கு அங்கிருந்து வருவதுதான்.

ஏத்தன் வேறு கணக்கு. 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 1000 வாழை. பத்துப் பதினோரு மாதத்தில் குலை. ஓணச் சந்தைக்கு வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசியில் நட வேண்டும். அப்படி நட்டால் குலை தள்ளி நிற்கும் காலமும் ஆனி ஆடிக் காற்றும் ஒன்றாக வரும். சாயும் பக்கத்தில், குலைக்குக் கீழே கழுத்தில் முட்டு கொடுக்க வேண்டும். முட்டுச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் சொல்பவரை நம்ப வேண்டாம்.

முட்டு கொடுத்தும் நடுத்தண்டில் ஒடிந்தால் அது தண்டுக்கூன் வண்டின் வேலை. ஐந்தாம் மாதத்திலிருந்து தண்டில் பசை வழிகிறதா என்று பாருங்கள். காய்ந்த சருகை உரித்துவிடுங்கள். முடிக்கொத்து நோய் வந்த வாழையை உடனே பிடுங்கத் தோன்றும். முதலில் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்துவிட்டுப் பிடுங்குங்கள். இல்லையென்றால் பூச்சி பக்கத்து வாழைக்குப் போய்விடும். அந்தத் தோட்டத்தில் கன்றும் எடுக்காதீர்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் ரப்பர், வாழை இரண்டையும் சாய்த்தது. வாழைக்காரருக்கு ஒரு வருடம் போயிற்று. ரப்பரை மறுபடி நட்டவர் அடுத்த ஏழு வருடம் காத்திருந்தார். கையில் வேறு வருமானம் இல்லாதவருக்கு ஏத்தனே நல்லது என்பது எங்கள் கட்சி. வெளியூரில் இருந்துகொண்டு விளையைப் பார்ப்பவருக்கு வாழை சரிவராது. அவருக்கு ரப்பரோ, 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னையோ மேல். தென்னைக்கும் ஏற ஆள் தேட வேண்டும் என்பது தனிக்கதை.

நிலம் ஏலாவுக்குள், அதாவது வயல்வெளிக்குள் இருந்தால் முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து, கன்னிப்பூ என்ற முதல்போக நெல் நடவு தொடங்கும். சுற்றிலும் நெல் நிற்க, நடுவில் நீங்கள் மட்டும் வாழை வைத்தால் வடிகால் கிடைக்காமல் வேர் அழுகும். சுற்றிலும் வாழையாகிவிட்ட இடத்தில் நெல் வைத்தால் அறுவடை மெஷின் இறங்க வழி இருக்காது.