ஆளை நொய்டாவுக்கு அனுப்புவதா, வாத்தியாரை பிளான்ட்டுக்கு வரவழைப்பதா?

போன வருடம் எங்கள் ஒன்றியத்தில் இரண்டு கிராமச் சாலைகளுக்கு பிளாஸ்டிக் கலந்த தார் போட வேண்டி வந்தது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் புதிய தொழில்நுட்பத்துக்கென ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும், 2013 வழிகாட்டுதலிலேயே 15 சதவீதம் என்று இருந்தது, அதனால் போடலாமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது. யாரிடம் கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி. மத்திய சாலைத் துறையின் கீழ் 1983-இல் தொடங்கிய நொய்டா பயிற்சி நிறுவனத்துக்கு இரண்டு ஓவர்சியர்களை அனுப்பலாம். இல்லையென்றால் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரை எங்கள் தார் பிளான்ட்டுக்கே அழைத்து வரலாம். நான் அழைத்து வந்த கட்சி. அதனால் தராசு அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நொய்டாவைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை போய் வந்திருக்கிறேன். தங்க இடம், நல்ல சாப்பாடு, டெல்லி சாலை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்து பாடம் எடுப்பவர்கள், எல்லாம் சரிதான். வகுப்பைவிட எனக்குப் பிடித்தது டீ இடைவேளை. அசாம்காரர் ஒருவர் எமல்ஷன் (தண்ணீரோடு கலந்து இளக்கமாக்கிய தார்) வைத்து, சூடே படுத்தாமல் தார் கலக்கும் கதையைச் சொன்னார். ஊரில் உட்கார்ந்திருந்தால் அது காதில் விழுந்திருக்காது.

ஆனால் தார் கலப்பது ஓவர்சியர் இல்லையே! கான்ட்ராக்டரின் பிளான்ட் ஆபரேட்டர் அல்லவா கலக்கிறார்?

இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் முடிவு எடுத்தேன். பயிற்சிக்குப் போய் வந்த பொறியாளர் மூன்று வருடத்தில் மாறுதலில் போய்விடுவார், அவர் எழுதி வந்த நோட்டும் அவரோடே போய்விடும். சாலையைப் போட்ட கான்ட்ராக்டரோ ஐந்து வருடம் பராமரித்தாக வேண்டும், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பள்ளம் விழுந்தால் அவர் கைக்காசு. ஆக, கற்றது அவருடைய ஆட்களிடம் தங்கினால்தான் சாலையோடு சேர்ந்து இருக்கும். ஆனால் ஆபரேட்டரை நொய்டாவுக்கு அனுப்பும்படி எந்தப் படிவமும் நான் பார்த்ததில்லை.

பேராசிரியர் வந்த அன்று நடந்ததைச் சொன்னால் புரியும். முறை நம்மூரில் பிறந்ததுதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது, 2002-இலேயே சாலையாகப் போட்டும் காட்டினார்கள். ஜல்லி 165 டிகிரி அளவுக்குச் சூடானதும், தூளாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகி ஜல்லிமேல் படியும், அதற்குப் பிறகுதான் தார். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் இருபது வருடமாகப் புகையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்பவர். முதல் டிரம்மில் அவர் சரி என்றபோது வெப்பமானி 130 காட்டியது. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, தூவச் சொன்னார். பிளாஸ்டிக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது டிரம் 165 தொட்டதும் தூவினார்கள், ஜல்லி எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்தது. அண்ணன் ஒரு கல்லை இடுக்கியில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை ஸ்லைடு போட்டாலும் இது வராது.

கணக்கும் அங்கேயே முடிந்தது. ஒரு டன் கலவைக்கு 50 கிலோ தார் என்றால், அதில் 8 சதவீதம் நான்கு கிலோ பிளாஸ்டிக். "நாலே கிலோவா?" என்று மேஸ்திரி சிரித்தார், அவர் மூட்டை மூட்டையாகக் கொட்ட நினைத்திருந்தார். பிளாஸ்டிக்கைத் தூளாக்கிக் கொண்டுவந்த சுய உதவிக் குழு அக்காவுக்கு இன்னொரு பாடம்: பிவிசி கூடவே கூடாது, சூட்டில் அமில வாயு வரும். அவர் தூளாக்காமல் வைத்திருந்த சாக்கு ஒன்றில் பாதி ஃபிளெக்ஸ் பேனர், எல்லாம் பிவிசி. தலைவர்கள் முகமெல்லாம் ஓரமாக ஒதுங்கின.

ஒரு சங்கடம், ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா. பேராசிரியர் தமிழில் சொல்ல, மேஸ்திரி தனக்குத் தெரிந்த இந்தியில் மாற்ற, எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ! மொழி விஷயத்தில் நொய்டாவே தேவலை.

அமெரிக்காவில் இப்படி உள்ளூர்ச் சாலை ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க 1982 முதல் ஒரு தனித் திட்டமே இருக்கிறது. மத்திய நெடுஞ்சாலைத் துறையும் மாநிலங்களும் சேர்ந்து மாநிலத்துக்கொரு மையம் நடத்துகின்றன, நிறைய மையங்கள் பல்கலைக்கழகங்களில். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு சின்ன ஊர்களுக்கே போய்க் கற்றுக்கொடுத்த ஆட்களும் அதில் உண்டு. எனக்குக் கேட்டதும் பொறாமையாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் என் வழி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்பு, திட்ட அறிக்கை, பழைய சாலையைச் சுரண்டி சிமென்ட் கலந்து திரும்பப் போடும் முறை, இதற்கெல்லாம் ஒரு நாள் பிளான்ட் பாடம் போதாது. அந்தச் சுரண்டும் வேலையில் நான் கை வைத்ததும் இல்லை. எங்கள் இரண்டு சாலையும் ஒரே ஒரு ஐப்பசி மழைதான் பார்த்திருக்கின்றன, நன்றாக இருக்கின்றன, அதற்குமேல் இப்போது சொல்ல முடியாது.

இந்த வருடமும் நொய்டாவுக்குப் பெயர் கேட்டுக் கடிதம் வந்தது. திட்ட அறிக்கை போடும் சின்னப் பையன் ஒருவனை மட்டும் எழுதி அனுப்பினேன். இன்னொரு இடம் காலி.