ஆட்டுப் படத்தை நம்பி வாங்கிய 'மெரினோ' சாக்ஸ்

பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு சாக்ஸை ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் ஏமாந்தாயிற்று.

மகள் முதல்முறையாகப் பயிற்சிக்குப் போகிறாளே என்று மூன்று ஜோடி வாங்கினேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் '100% மெரினோ கம்பளி' (மெரினோ என்பது மெல்லிய, மிருதுவான கம்பளி தரும் ஓர் ஆட்டு இனம்), பக்கத்தில் ஓர் ஆட்டுப் படம் வேறு. வந்ததும் தொட்டுப் பார்த்தால் புசுபுசுவென்று இருந்தது, சரி, நல்ல சரக்குதான் என்று நம்பிவிட்டேன். முதல் நாள் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, "அம்மா, கால்விரலே இல்லாத மாதிரி இருக்கு" என்று வந்து நிற்கிறாள். பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் சொதசொதவென்று நனைந்திருக்கிறது, விரல் நுனியெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது. பனி உள்ளே போகவே இல்லை, அத்தனையும் அவளுடைய வியர்வை. பதற்றத்தில் பரபரவென்று தேய்த்துவிடத்தான் கை போகும், ஆனால் மரத்துப்போன விரலைத் தேய்க்கக் கூடாது. உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. அன்றைய பயிற்சி அதோடு சரி.

இரவு சாக்ஸோடு வந்த அட்டையைத் தேடி எடுத்தேன். பின்பக்கம், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில்: அக்ரிலிக் (கம்பளி மாதிரி இருக்கும் செயற்கை இழை) 72%, பருத்தி 20%, கம்பளி 5%, எலாஸ்டேன் 3%. இதை வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும், என் தப்புதான். சந்தேகத்துக்கு ஒரு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது.

நல்ல கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது, சூட்டையும் விடாது. பருத்தி அப்படியே ஊறிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, விளையாட்டுக்கான சாக்ஸ் 100% கம்பளி என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டுமாம். சீக்கிரம் தேயாமல் இருக்க நைலானும், இழுத்துப் பிடிக்க எலாஸ்டேனும் பெரும்பாலும் கலந்துதான் பின்னுவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விற்றவருக்கு எழுதினேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முதல் பதில். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால், 'மெரினோ' என்பது அந்த டிசைனின் பெயராம்! அப்புறம் ஓர் அறிவுரையும் வந்தது: குளிர்ந்தால் இரண்டு ஜோடியாகப் போட்டுவிடுங்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் சில்லிட்டுப் போகும், மடிப்பு உரசிக் கொப்புளமும் வரும். அளவு சரியாக உள்ள ஒரே ஒரு ஜோடி போதும்.

என் விமர்சனத்தை இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். நேற்றுப் பார்க்கிறேன், அதே ஆட்டுப் படம் வேறொரு விற்பனையாளர் பெயரில் வந்திருக்கிறது. சாம்பல் நிற சாக்ஸ், கணுக்காலுக்கு மேலே இரண்டு சிவப்புக் கோடு. கண்ணில் பட்டால் வாங்கிவிடாதீர்கள்.