குன்னூர் கட் பீஸ் கடை: பேட்ச்வொர்க் போர்வைக்குக் கிலோ மூட்டை வாங்கலாமா?

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தக் கடையில் கட் பீஸை மீட்டரில் அளப்பதில்லை, தராசில்தான் போடுகிறார்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கட்டி வைத்த மூட்டைகள். ஈரோடு, திருப்பூர் பக்கம் வெட்டி மிஞ்சியதெல்லாம் மலையேறி வருகிறது. வீட்டில் பேட்ச்வொர்க் போர்வை தைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்று கணக்குப் போட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

முதலில் கழிப்பது பனியன் துணி. கைக்கு மெத்தென்று இருக்கும், நிறமும் நன்றாக இருக்கும், வைத்துக்கொள்ளத் தோன்றும். இழுத்தால் நீளும் துணியை நெசவுக் காட்டனோடு சேர்த்துத் தைத்தால் தையல் ஓரம் அலையலையாக எழும்பும். அயர்ன் பண்ணியும் அடங்காது. அடுத்தது பாலியெஸ்டர் கலப்பு. சந்தேகப்பட்ட பீஸில் ஓர் இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி முனையில் மணி கட்டும். காட்டனுக்கு வைக்கும் சூட்டில் அது சுருங்கி, பக்கத்துச் சதுரத்தையும் இழுத்துவிடும். மூன்றாவது, சட்டையின் கைக்குழி வெட்டில் விழுந்த பிறைத் துண்டுகள். எல்லாப் பக்கமும் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வான வெட்டு. நேர் இழை பிடிக்கவே முடியாது. “அண்ணா, கரை இருக்கிற பீஸா பாத்துக் கட்டிக் குடுங்க” என்று கேட்டால், துணிச் சுருளின் முனையில் விழுந்த நல்ல பீஸ்களைக் கடைக்காரர் தனியாக எடுத்துத் தருகிறார். கட்டிய மூட்டையைப் பிரித்துப் பார்க்க மட்டும் விடுவதில்லை. கடையின் பெரிய குறை அதுதான்.

எவ்வளவு வாங்குவது? 60க்கு 90 இஞ்ச் சிங்கிள் கட்டில் போர்வை என்றால், 5 இஞ்ச் சதுரமாக வெட்டினால், பக்கத்துக்குக் கால் இஞ்ச் தையலுக்குப் போய், தைத்தபின் 4½ இஞ்ச் நிற்கும். 13 வரிசை, வரிசைக்கு 20, மொத்தம் 260 சதுரம். அகலம் ஒன்றரை இஞ்ச் குறையும், அதைச் சுற்று பார்டரில் ஈடுகட்டிவிடலாம். இதையே 2½ இஞ்ச் சதுரத்தில் தைத்தால் 1,350 வேண்டும். வெட்டிய துணியில் 36 சதவீதம் தையலுக்குள்ளேயே போய்விடும். 5 இஞ்சில் போவது 19 சதவீதம்தான். பாப்ளின் கனத் துணியில் 260 சதுரத்துக்கு அரைக் கிலோ ஆகும். ஒரு கிலோ மூட்டை தேறிவிடும். நிறம் பார்த்துச் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றரைக் கிலோவாக வாங்குவது நல்லது.

வெட்டுமுன் துவையுங்கள். காட்டன் ஓரளவு சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளங்கையை விடச் சின்னதைத் துவைக்காதீர்கள், ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. அரை ஈரத்தோடு அடுக்கிய துணி குன்னூர்க் குளிரில் கரும்புள்ளி விழுந்து, பூஞ்சை வாடையோடுதான் வெளியே வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் இருக்கும்போதே துவைத்து, நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்துவிட வேண்டும்.

தைக்கும்போது எல்லாம் அந்தக் கால் இஞ்சில் இருக்கிறது. சாதாரண மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரத்தை நம்பினால் கூடிவிடும். ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, பிளேட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலும் அரை நூல், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும், 260 சதுரப் போர்வையின் நீளத்தில் 19 தையல். தையலின் இரண்டு பக்கத் துணியும் சேர்த்து 2⅜ இஞ்ச் காணாமல் போகும். தையலை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் மடித்து அயர்ன் பண்ணினால், இரண்டு வரிசையும் சேருமிடத்தில் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக் கூடாது. தட்டினால் குண்டூசியைப் பிடுங்கி மறுபடி பொருத்துங்கள். அயர்ன் பாக்ஸை அழுத்தி எடுக்க வேண்டும், இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இந்த மூட்டையின் உண்மையான ஆபத்து வேறு. பிரித்துப் போட்டால் நிறம் நிறமாக அடுக்கத் தோன்றும். அடுக்கினால் கலைத்து வேறு மாதிரி அடுக்கத் தோன்றும். மெஷின் பக்கம் போகாமலே பொழுது சாய்ந்துவிடும். அந்தச் சுகத்துக்காகவே இதை வாங்குகிறவர்களும் உண்டு, தப்பில்லை. போர்வை முடிய வேண்டுமென்றால் 20 சதுரத்தை வரிசையாக வைத்து, ஊசி குத்திக் கட்டி, அன்றைக்கே தைத்துவிட வேண்டும்.

அடித்துணி இங்கே கிடைப்பதில்லை. சென்னிமலை பெட்ஷீட் பொருத்தம். ஆனால் மேல்துணியை விட நாலு பக்கமும் 3 இஞ்ச் கூட வேண்டும் என்பதால் 60க்கு 90 போதாது, டபுள் அளவாகப் பார்த்து வாங்குங்கள். நெசவு நெருக்கமாக இருப்பதால் கைத்தையல் போட்டால் விரல் நோகும், மெஷினில் 14 நம்பர் ஊசிக்கு ஒன்றும் ஆகாது.